மூன்றாம் வரிசைத் தொட்டிகள்

இது தக்காளிச் செடிதான், தம்பி. நகர்ந்து உட்கார வேண்டாம், பூச்சி கிடையாது. ஈரத் துணி ஒரு சுற்று, அதற்கு மேல் செய்தித்தாள் இரண்டு சுற்று, அதற்கும் மேல் பை. இலை வெளியே நீட்டிக்கொண்டிருப்பது என் குறை இல்லை. கல்லூரியில் பிரித்துப் பார்த்த பெண் திரும்பச் சுற்றிக் கொடுத்த லட்சணம் அது. நான் சுற்றியிருந்தால் நீட்டாது.

நீங்கள் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுதானே? நான் சமாதானபுரத்தில் இறங்க வேண்டும். நேரம் இருக்கிறது. நான் பஸ்ஸில் யாரிடமும் பேசுகிற ஆள் இல்லை. வீட்டிலேயே அவ்வளவாகப் பேச மாட்டேன். நீங்கள் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் முன்னால் நான் எழுந்து நின்று பேச வேண்டும். என் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருக்கிறது. பாருங்கள், இதுதான். இதில் எழுதியிருப்பதைப் பொறுத்து, ஒன்று ஏழாம் நம்பர் வீட்டுப் பேச்சித்தாய் மொட்டை மாடிக்கு வரக் கூடாது, இல்லையென்றால் என் தொட்டிகள் இருபத்து நான்கும் மாடியிலிருந்து இறங்க வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இரண்டு பேரும்.

என் பெயர் ஆறுமுகநயினார். நயினார் என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் துணிக்கிடங்கில் இருபத்தொன்பது வருஷம் வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, பச்சைத் துணி எல்லாம் சலவைக்கு எண்ணிக் கொடுப்பேன், எண்ணி வாங்குவேன். எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்புதான். ஆனால் இருபத்தொன்பது வருஷத்தில் மொத்தம் நான்கு விரிப்புதான் குறைந்திருக்கிறது. அந்த நான்கும் நான் லீவில் இருந்த நாளில். எண்ணுவது என்றால் எல்லாரும் கண்ணால் எண்ணுகிறார்கள். கண் ஏமாற்றும், தம்பி. தொட்டு எண்ண வேண்டும். ஒரு மடிப்புக்கு ஒரு விரல். விரல் ஏமாற்றாது.

கொஞ்சம் இருங்கள், ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு? பழக்கம் இல்லையா, நல்லது.

ரிட்டயர் ஆன பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. செண்பகம், என் வீட்டுக்காரி, சொன்னாள்: "சும்மா சும்மா அரிசி டப்பாவத் தொறந்து பாக்காதிய. மாடியில போயி ஏதாவது செடி கிடி வைங்க." அப்படித்தான் ஆரம்பித்தது. பெயின்ட் வாளிகள் இருபத்து நான்கு. அடியில் ஐந்து ஓட்டை. வரிசைக்கு எட்டாக மூன்று வரிசை. முதல் இரண்டு வரிசையும் திறந்த வெளியில். மூன்றாவது வரிசை தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில். அதற்குள் என் உடம்பு நுழையாது, முழங்காலும் மடங்காது. செண்பகம் ஒல்லி. அந்த வரிசையில் நாற்று வைப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் பறிப்பதும் அவள். நான் வெளியே நின்றுகொண்டு கேட்பேன், அவள் எண்ணிச் சொல்லுவாள். அவள் எண்ணிக்கையில் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. ஆனால் வேறு வழியில்லை.

போன வருஷம் காய்த்ததைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கு எவ்வளவு தக்காளி வேண்டும்? மீதியை என்ன செய்வது? எங்கள் பிளாக்கில் பன்னிரண்டு வீடு, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து நாற்பத்து மூன்று தலை. வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அது நியாயம் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். பதினோரு மஞ்சள் பை வாங்கினேன். ஒவ்வொன்றிலும் வீட்டு எண்ணை மார்க்கர் பேனாவால் எழுதினேன். புதன்கிழமை காலையில் பையைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டு வந்துவிடுவேன். மணி அடிக்க மாட்டேன். அடித்தால் கதவைத் திறப்பார்கள், உள்ளே வாங்க என்பார்கள், காபி என்பார்கள். எதற்கு அதெல்லாம்? சாயங்காலத்துக்குள் வெறும் பை என் கதவில் திரும்பி வந்துவிட வேண்டும். அதுதான் முறை.

பத்து வீட்டிலும் வெறும் பையாகத்தான் வரும். ஏழாம் நம்பர் வீட்டுப் பை மட்டும் வெறுமையாக வராது. ஒரு நாள் முருங்கைக்காய் மூன்று. ஒரு நாள் அவித்த பனங்கிழங்கு. ஒரு நாள் பையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, உள்ளே ஒரு தூக்குவாளியில் ரசம். "ஒங்க தக்காளியில வச்ச ரசம் அண்ணாச்சி, நீங்களே குடிச்சுப் பாருங்க" என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். நான் கேட்டேனா? கணக்கில் இதை எங்கே எழுதுவது? அவள்தான் பேச்சித்தாய். சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறாள். முந்நூறு பிள்ளைகளைச் சத்தம் போட்டுச் சத்தம் போட்டு, வீட்டிலும் அதே தொண்டை. அவள் வீட்டில் அவளையும் சேர்த்து ஐந்து தலை.

அவள் துணி துவைப்பது மொட்டை மாடியில். அங்கே ஒரு துவைகல் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி. ஆமாம், மூன்றாம் வரிசையை ஒட்டித்தான். அதற்கு வருகிறேன்.

இந்த வருஷம் ஆடி கழிந்து நாற்று வைத்தேன். நன்றாகத்தான் வந்தது. முப்பத்தாறாவது நாள், ஒன்றாம் நம்பர் தொட்டி. இலையில் வெளிர்ப் பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக, மனிதருக்குத் தேமல் விழுகிற மாதிரி. நான்கு நாள் கழித்து நுனி இலைகள் ஒடுங்கி நூல் மாதிரி ஆகிவிட்டன. அடுத்து இரண்டாம் நம்பர். அடுத்து மூன்று. அடுத்து நான்கு. நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். எட்டு வரை போய், அப்புறம் இரண்டாவது வரிசையில் ஒன்பது, பத்து, பதினொன்று. வரிசை பிசகவில்லை, தம்பி. ஒரு தொட்டியைக் கூடத் தாண்டிப் போகவில்லை. நோய் என்றால் இங்கே ஒன்று அங்கே ஒன்று என்றுதானே வரும்? இது யாரோ கணக்குத் தெரிந்த ஆள், எண்ணி எண்ணிச் செய்கிற மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம்.

நான் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் குறைவோ என்று ஒரு வேளைக்கு இரண்டு வேளை ஊற்றினேன். தண்ணீர் கூடுதலோ என்று நிறுத்திப் பார்த்தேன். சாம்பல் தூவினேன். புளித்த மோரில் பெருங்காயம் கரைத்துத் தெளித்தேன். வேப்பெண்ணெய் தெளித்தேன். முட்டை ஓடு பொடித்துப் போட்டேன். வெள்ளை ஈயாக இருக்குமோ என்று மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டேன். ஆறு நாளில் மொத்தம் மூன்று ஈ ஒட்டியது. மூன்று ஈயால் பதினொரு செடி சாகுமா? ஒன்று முதல் பதினொன்று வரை பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது நாற்று பதினொன்று வைத்தேன். என் கையாலேயே குழி பறித்து, என் கையாலேயே மண் அணைத்து. அந்தப் பதினொன்றும் அதே மாதிரி. பன்னிரண்டு முதல் பதினாறு வரையும், அதே வரிசையில்.

முன்னைவிடக் கவனமாகப் பார்த்தேன். முன்பு காலையில் ஒரு தடவை எண்ணுவேன். பிறகு காலை, மதியம், சாயங்காலம் மூன்று தடவை. ஒவ்வொரு இலையாகத் தொட்டு, திருப்பி, எத்தனை கெட்டது, எத்தனை நல்லது என்று எழுதினேன். தண்டுக்கும் இலைக்கும் நடுவில், கவட்டில், ஒரு துளிர் முளைக்கும் பாருங்கள், அதையும் விடாமல் கிள்ளினேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இந்த இரண்டு விரல்தான். நகம் பட்டால் தண்டு புண்ணாகும். விரல் நுனியால் ஒரு திருகு. அவ்வளவுதான்.

இருங்கள். மூக்கு அடைக்கிறது. இன்னும் ஒரு சிட்டிகை.

ஆ... அச்! மன்னிக்கவும். உங்கள் மேல் படவில்லையே?

செண்பகம் சொன்னாள்: "விட்டுத் தொலைங்க, அதுவா பொழச்சா பொழைக்கட்டும். நீங்க தொட்டுத் தொட்டே அதுக்குப் பாதி சீக்கு." அவளுக்கு எல்லாவற்றிலும் கேலி.

ஒரு நாள் பேச்சித்தாய் துவைத்துக்கொண்டே செடிகளைப் பார்த்தாள். "எம்மா, போன வருசம் எம்புட்டுக் காச்சுச்சு! இப்ப என்ன அண்ணாச்சி, எல்லாம் தாடி வளத்த மாதிரி நிக்கி?" என்றாள். தாடி வளர்த்த மாதிரி! பதினாறு செடி செத்துக்கொண்டிருக்கிறது, இவளுக்குத் தாடி. அவள் கையிலிருந்து சோப்பு நுரை சொட்டுச் சொட்டாக விழுகிறது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. சோப்பு! சோப்பில் காரம் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சலவையில் நான் பார்க்காத சோப்பா? துணியையே தின்றுவிடும்.

எனக்கு நேருக்கு நேர் சொல்ல வராது. அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினேன். "மொட்டை மாடியில் துணி துவைக்கும் ஏழாம் எண் வீட்டாரின் சோப்புத் தண்ணீரால் இன்றுவரை 16 தொட்டிகளில் செடிகள் கெட்டுள்ளன. ஆகையால் மாடியில் துவைப்பதைத் தடை செய்ய வேண்டுகிறேன். இப்படிக்கு, வீட்டு எண் 9." அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தேன். அந்தப் புதன்கிழமையிலிருந்து ஏழாம் நம்பர் பையை நான் மாட்டவில்லை. நான்கு புதன்கிழமை. அப்போது பழம் குறைந்துவிட்டது, தலைக்கு ஒன்றுதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து தலை, நான்கு வாரம். இருபது பழம். அந்த நான்கு வாரமும் மற்ற வீடுகளுக்குக் கொடுத்தது எல்லாமே மூன்றாம் வரிசைப் பழம்தான். அந்த எட்டுத் தொட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் ஆகவில்லை.

நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை தெரிகிறது. துவைகல் பக்கத்தில் இருக்கிற செடிக்கு ஒன்றும் ஆகவில்லை, எட்டி இருக்கிற செடி சாகிறது, அதெப்படி என்கிறீர்கள். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானராஜ் சாரும் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு இதைத்தான் கேட்டார். சோப்புத் தண்ணீர் அடியில் வழிந்து இந்தப் பக்கம் வந்திருக்கும் என்று சொன்னேன். "வாட்டம் அந்தப் பக்கம்லா இருக்கு, நயினார்? தண்ணி மேட்டுக்கு ஏறுமா?" என்றார். நுரை காற்றில் பறக்கும் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்குள் பேச்சித்தாய் மாடிப்படி ஏறி வந்துவிட்டாள். கையில் என் அறிவிப்பு. கிழிக்கவில்லை, ஒழுங்காகப் பிரித்து எடுத்து வந்திருந்தாள்.

"ஏ அண்ணாச்சி, எஞ் சோப்புக் கட்டியத் தின்னா ஒங்க செடி செத்துச்சு? என்னயப் பாத்து ஒரு வார்த்த கேக்கப் பிடாதா? எழுதி ஒட்டுதிய! நாலு பேரு படிக்க! எம் மாமியாருக்குக் கண்ணு தெரியாது, அதுக்கும் ஒருத்தரு படிச்சுக் காட்டிட்டாரு!"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாயத் தொறங்க. சரி, தொறக்காண்டாம். நிரூபிங்க. படிச்சவுகள்ட்ட கொண்டு போயிக் காட்டி எழுதி வாங்கிட்டு வாங்க. எஞ் சோப்புதான்னு எழுதி வந்துச்சுன்னா இந்த மாடிப் பக்கம் எங் காலு வராது. இல்லன்னா ஒங்க வாளி இருவத்து நாலும் எறங்கணும். சம்மதமா?"

நான் தலையை ஆட்டினேன். ஞானராஜ் சார் வேண்டாம் வேண்டாம் என்றார். நான்தான் நோட்டை நீட்டினேன். எழுதினால்தானே அது பேச்சு? இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். செண்பகம் கேட்டுவிட்டு, "தலைய ஆட்டிட்டு வந்திருக்கிய. வாயும் இல்ல, மண்டையும் இல்ல" என்றாள். அன்றைக்கு ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தொட்டிகள் போனால் எனக்கு ஒன்றும் இல்லை, தம்பி. தக்காளிக்கு முன்னால் நான் உயிரோடு இல்லையா? இருந்தேன். புதன்கிழமை காலையில் வேறு ஏதாவது வேலை இருக்கும். செய்தித்தாள் படிக்கலாம்.

இன்றைக்குக் காலை ஐந்தே முக்கால் பஸ்ஸுக்குக் கிளம்பி விவசாயக் கல்லூரிக்குப் போனேன். செடிக்கு வைத்தியம் பார்க்க அங்கே ஒரு அறை இருக்கிறது, ஆஸ்பத்திரி ஓ.பி. மாதிரி. எனக்கு முன்னால் ஒன்பது பேர், கையில் வெண்டை, கத்தரி, ஒருவர் முழு வாழைக்குலையோடு. முறை வந்தது. ஒரு சின்ன டாக்டர், செடி டாக்டர்தான், பெயர் ஜெபசீலி. செடியைப் பிரித்தாள். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கிள்ளி ஒரு பையில் போட்டு நசுக்கி, அதில் ஒரு காகிதப் பட்டையை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கோடு விழுந்தது. கர்ப்பிணிக்குப் பார்ப்பார்களே, அதே மாதிரி.

"தேமல் நோய் ஐயா. நச்சுயிரி. இதுக்கு மருந்து கிடையாது" என்றாள்.

"சோப்புத் தண்ணியால வந்ததுதானே?" என்று கேட்டேன். வாயைத் திறந்து கேட்டேன்.

"சோப்பாலயா? அதால வராதே. எந்தச் செடிக்கு முதல்ல வந்துச்சு?"

"ஒன்றாம் நம்பர்."

"அடுத்து?"

"இரண்டு. அடுத்து மூன்று." நோட்டைக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். இப்படிக் கணக்கு வைத்திருக்கிறவரை நான் பார்த்ததே இல்லை ஐயா என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு சிட்டிகை பொடி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவள் நோட்டை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தாள்.

"அது என்ன டப்பி ஐயா?"

"பொடி."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுவீங்க?"

"பதினெட்டு."

"காலையில செடியை எண்ணும்போது எந்தத் தொட்டியில ஆரம்பிப்பீங்க?"

"ஒன்று."

"அடுத்து?"

நான் டப்பியை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"எண்ணுறப்ப தொட்டுத்தான் எண்ணுவீங்களா?"

எப்படிப்பட்ட கேள்வி, பாருங்கள். தொடாமல் எண்ணுவதற்குப் பெயர் எண்ணிக்கையா? அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். பொடி என்பது புகையிலையாம். சில புகையிலையில் இந்தக் கிருமி இருக்குமாம், சிலதில் இருக்காதாம்; இருந்தால் வருஷக்கணக்கில் சாகாதாம். போட்ட விரலோடு செடியைத் தொட்டால் ஒட்டுமாம். துளிர் கிள்ளினால் அந்தக் காயத்தின் வழியாக நேராக உள்ளே போகுமாம். ஒரு செடியைத் தொட்ட கை அடுத்த செடியைத் தொட்டால் அதற்கும். "கெட்டதைப் பிடுங்கி எரிச்சிடுங்க. மண்ணை மாத்துங்க. செடியைத் தொடுறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க ஐயா. நல்லா நுரை வர" என்றாள். சோப்பு! நுரை வர!

நான் கேட்டேன்: "நிச்சயமா?"

"நோய் நிச்சயம். எப்படி வந்துச்சுங்கிறது நூத்துக்கு எண்பது அப்படித்தான் இருக்கும். விதையிலயும் வரலாம், ஒரு இருபது."

எழுதிக் கொடுத்தாள். இதுதான் அந்தக் காகிதம். முத்திரை இருக்கிறது. செடியை இங்கேயே விட்டுட்டுப் போங்க, எரித்துவிடுகிறோம் என்றாள். என் செடி, நானே எரித்துக்கொள்கிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன்.

பொடியை விடச் சொன்னாளா என்றால் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் விட மாட்டேன். நாற்பத்து நான்கு வருஷப் பழக்கம். இந்த விரல்கள் இருபத்தொன்பது வருஷம் ஒரு ஆஸ்பத்திரியின் துணியைக் காப்பாற்றிய விரல்கள். நேற்றுப் படித்து வந்த பெண் ஒரு காகிதப் பட்டையை வைத்துக்கொண்டு, இதுதான் கொலைகார விரல் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டுமா? நீங்கள் சொல்லுங்கள். ஒத்துக்கொள்வீர்களா?

பஸ் ஸ்டாப்பில் நாற்பது நிமிஷம் நின்றேன். அப்போது நிறைய யோசித்தேன். மறைக்கவில்லை, உங்களிடம் சொல்கிறேன். இந்தக் காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டால் யாருக்குத் தெரியும்? இன்றைக்குக் கல்லூரி லீவு என்று சொல்லலாம். இல்லை, காகிதத்தைக் காட்டி, முதல் பாதியை மட்டும் படிக்கலாம்: தேமல் நோய், மருந்து இல்லை, முடிந்தது. அப்படிப் படித்தால் பேச்சித்தாயும் ஜெயிக்கவில்லை, நானும் தோற்கவில்லை. இல்லை, அந்த இருபதைப் பிடித்துக்கொள்ளலாம். நூற்றுக்கு இருபது என்பது சின்ன எண்ணிக்கையா? ஐந்தில் ஒன்று.

அந்த இருபதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் நோட்டைத் திறந்தேன். விதையில் வந்திருந்தால் இருபத்து நான்கு தொட்டிக்கும் ஒரே விதைதானே? மூன்றாம் வரிசைக்கும் அதே விதைதானே? அதில் ஒன்றாவது கெட்டிருக்க வேண்டும். தேடினேன். ஒன்றுகூட இல்லை. பதினேழு முதல் இருபத்து நான்கு வரை ஒவ்வொரு நாளும் "நன்று, நன்று, நன்று" என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. செண்பகம் பார்த்துச் சொன்னது, நான் எழுதியது. நான் தொடாத எட்டும் நன்று. நான் தொட்ட பதினாறும், தொட்ட வரிசையிலேயே...

அந்த இருபது அங்கேயே போய்விட்டது, தம்பி. அந்தப் பெண் சொன்னதற்காக இல்லை. என் நோட்டு சொல்கிறது. நோட்டைப் பென்சிலில் எழுதியிருந்தால் வேறு. நான் பேனாவில்தான் எழுதுவேன்.

அதனால் படிக்கத்தான் போகிறேன். முழுவதையும். பேச்சித்தாய்க்காக இல்லை. அவள் என்னை எல்லார் முன்னாலும் வாயைத் தொறங்க என்றாளே, திறக்கிறேன், கேட்கட்டும். தொட்டிகளை நானே இறக்குவேன், வேறு ஒருத்தர் கை வைக்கக் கூடாது. இருபத்து நான்கு வாளி, மூன்று மாடி, ஒரு நடைக்கு ஒன்று. முழங்கால் வலித்தால் வலிக்கட்டும். ஆனால் அடுத்த நாளே இறக்க முடியாது. மூன்றாம் வரிசையில் இன்னும் அறுபத்திரண்டு காய் பழுக்க வேண்டியிருக்கிறது. செண்பகம் எண்ணியது, ஆனாலும் சரியாகத்தான் இருக்கும். அதற்குப் பத்து நாள் வேண்டும். இதை நான் கேட்டுக்கொள்ளவில்லை, தெரிவிக்கிறேன். அதில் முதல் இருபது ஏழாம் நம்பர் வீட்டுக்கு. அது பாக்கி. மீதி நாற்பத்திரண்டை நாற்பத்து மூன்று தலைக்குப் பிரிக்க வேண்டும். ஒன்று குறைகிறது. என் பங்கை எடுத்துவிட்டேன், சரியாகிவிட்டது.

பஸ் ஸ்டாப்பிலேயே இதையெல்லாம் எழுதிவிட்டேன். இதோ, ஒரு பக்கம். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை போடலாமா என்று பார்த்தேன். எந்த வரியிலும் இடம் இல்லை. பழத்தின் எண்ணிக்கை தெளிவாக இருக்கிறது, அது போதும். பேச்சித்தாய்க்கு எண்ணத் தெரியாது. முருங்கைக்காய் கொடுத்தால் இத்தனை கொடுத்தேன் என்று அவளுக்கு நினைவிருக்காது. ஆனால் இது புரியும். புரியாமல் போனால் எனக்கென்ன?

ஒன்றே ஒன்றுதான் கஷ்டம், தம்பி. எனக்குக் குரல் வராது. இருபத்தொன்பது வருஷம் விரிப்புகளோடுதான் பேசியிருக்கிறேன். கிடங்கில் ஆடிட்டர் வந்தால்கூட நோட்டைத்தான் நீட்டுவேன். இந்தத் தடவை நீட்ட முடியாது. ஞானராஜ் சார் வாங்கிப் படித்துவிடுவார். அவர் நல்லவர், மெதுவாக, வலிக்காத மாதிரி படிப்பார். அது கூடாது. ஒட்டும்போது பெரிய எழுத்தில் ஒட்டினேன். அதைவிடச் சின்னக் குரலில் இதைச் சொல்லக் கூடாது.

கே.டி.சி. நகர் வந்துவிட்டதா? அப்படியென்றால் பத்து நிமிஷம் இருக்கிறது. நீங்கள் ஒரு உதவி செய்யுங்கள். நான் எழுந்து நின்று படிக்கிறேன். கேட்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். இந்தப் பையைக் கொஞ்சம் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள், இலையைத் தொட வேண்டாம்.

"நான் ஆறுமுகநயினார். வீட்டு எண் ஒன்பது. என் செடிகள் பதினாறும் கெட்டது ஏழாம் எண் வீட்டுச் சோப்பால் அல்ல..."

கேட்கவில்லையா? பஸ் சத்தம் வேறு. இருங்கள், தொண்டையைச் சரிசெய்துகொள்கிறேன்.

"நான் ஆறுமுகநயினார். வீட்டு எண் ஒன்பது. என் செடிகள் பதினாறும் கெட்டது ஏழாம் எண் வீட்டுச் சோப்பால் அல்ல. அது..."

இந்த வார்த்தைதான் வர மாட்டேன் என்கிறது. எழுதும்போது வந்தது. என்ன கண்டக்டர்? விழ மாட்டேன், கம்பியைப் பிடித்திருக்கிறேன். இல்லை, உட்கார மாட்டேன். உங்கள் விசிலை அடிக்காமல் ஒரு நிமிஷம் இருங்கள்.

"...கெட்டது ஏழாம் எண் வீட்டுச் சோப்பால் அல்ல. என் கையால்."

இப்போது? பக்கத்துச் சீட்டுக்குக் கேட்டால் போதாது, தம்பி. ஏழாம் நம்பர் மாமியாருக்குக் கண் தெரியாது, அவர் எப்போதும் கடைசியில், சுவரோரம் உட்கார்ந்திருப்பார். இன்னும் ஒரு தரம் சொல்கிறேன். நீங்கள் பின்னால் திரும்பிப் பாருங்கள், கடைசிச் சீட்டில் யாராவது தலை நிமிர்கிறார்களா என்று.

"என் கையால்!"